ஒரு அடிக் குழாய்

ஆகஸ்ட் 17

காலையில் எழுந்து பார்த்தால் நம் கடை லாரி வயலுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டுச் சாய்ந்து நிற்கிறது. மாடிக்கு மிச்சமிருந்த டைல்ஸை ஏற்றிக்கொண்டு வந்தது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வரப்பு தாங்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் வழவழவென்று தரை விற்கிறேன். என் வீட்டுக்கு வர வழி, நண்டு வளை தோண்டின வரப்பு!

டீக்கடையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து வந்து நின்றது. ஒருவன்கூடத் தள்ளக் கை கொடுக்கவில்லை. யோசனை மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

ரோடு போட்டுவிட வேண்டும். மகள் இலக்கியாவைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து அடுத்த வாரம் வருகிறார்கள். இப்போதைக்கு முடியாது. கல்யாணத்துக்குள்ளாவது முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பையன் கார்த்திகேசன் பரவாயில்லை. பஜ்ஜியைத் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்று என் மனைவி தில்லையிடமே நேராகச் சொன்னான். அவன் அப்பா உத்திராபதிதான் தாங்க முடியாத மனுஷர். காலேஜ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். வாசலுக்கு வந்ததும், "காத்து நல்லா வருதுங்க" என்றார். காற்றைப் பாராட்டுகிறாராம். பாராட்ட வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்று அதற்கு அர்த்தம். சிதம்பரத்து நாசூக்கு எனக்குத் தெரியாதா?

நிச்சயம் கார்த்திகை மாசத்தில், நம் வீட்டில். அன்றைக்கு அவர் கார் வாசலிலேயே வந்து நிற்க வேண்டும். வேட்டி நுனிகூட நனையக் கூடாது.

செப்டம்பர் 6

இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு சித்தார்த் என்கிற பையன் வந்தான். கூலிங் கிளாஸைக் கழற்றாமலே நிலத்தைப் பார்த்தான். தார் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே தொல்லை வடிகால் வாய்க்கால்தான். அதைக் குறுக்காக மண் போட்டு மூடி, அடியில் தண்ணீர் போகக் குழாய் புதைத்து, மேலே கான்கிரீட் போட வேண்டும்.

"வருஷத்துல முக்காவாசி நாளு காஞ்சுதான் சார் கெடக்குது. ஒரு அடிக் குழா ஒண்ணு போதும். அதுவே ஜாஸ்தி" என்றான்.

சரிதான். வாய்க்கால் என்று அதற்குப் பேர்தான் இருக்கிறது. உள்ளே ஆகாயத்தாமரை, தண்ணீர் பாட்டில், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. இதற்குப் பாலம் வேறு கட்டுவார்களா?

தில்லை, "கவுர்மெண்ட்டு வாய்க்காலாச்சே, ஆபீஸ்ல ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றாள். கேட்கலாம். இலக்கியாவின் பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றைக்கு பதில் வரும்.

செப்டம்பர் 9

தூது வந்தது. அனுப்பியவர் என் அருமைத் தம்பி கொளஞ்சியப்பன். வந்தது அவன் மனைவி விருத்தாம்பாள்.

"மாமா, அவுரு சொல்லிட்டு வரச் சொன்னாரு. மேல இருக்கிற நெலத்துத் தண்ணி பூரா இதுலதான் வடியணுமாம். ஒரு அடிக் குழா தாங்காதாம். பெருசா ரெண்டு போடச் சொன்னாரு."

"ஏன், அவுரு வாய்க்கு என்னா ஆச்சு?"

"உங்க வாய்க்கு என்னா ஆச்சோ அதான் மாமா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை. நாங்கள் இங்கே வீடு கட்டி வருவதற்கு முன் இலக்கியா அவன் வீட்டில் தங்கித்தான் காலேஜ் படித்தாள். அப்போதுகூட அவனுக்குத் தெரிய வேண்டியதை அவளிடம் சொல்லி அனுப்பினேன், எனக்குத் தெரிய வேண்டியதும் அவள் வழியாகவே வந்தது. வாய்க்காலைத் தொடாமல் அவன் வரப்பை ஒட்டியே ரோடு போட்டிருக்கலாம். ஆள் விட்டுக் கேட்டேன். "எங்க வரப்புல வண்டி ஏறக் கூடாது" என்று பதில் அனுப்பினான். வழி தர மாட்டானாம், ஆனால் குழாய் எத்தனை அடி என்று மட்டும் சொல்லித் தருவானாம். நல்ல நியாயம்!

ஒரு அடிதான். முடிவு.

செப்டம்பர் 20

குழாய் இறக்கியாகிவிட்டது. கிராவல் மண்ணும் கொட்டியாகிவிட்டது. இலக்கியா சனிக்கிழமை லீவில் இருந்தாள். கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"நம்ம கட முன்னாடி ஓடுற சாக்கடைக்கே இதவிடப் பெரிய குழாதானேப்பா?"

"அது சாக்கடத் தண்ணி. இது மழத் தண்ணி" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது. உள்ளே போய்விட்டாள். பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

அக்டோபர் 3

கான்கிரீட். தார் ரோட்டுப் பக்கம் வாய்க்காலுக்கு முந்தின துண்டுக்கு மட்டும் கம்பி போதவில்லை. கலவை லாரி வந்து சுற்றிக்கொண்டு நிற்கிறது, டிரைவர் கத்துகிறான். "கம்பி இல்லாட்டியும் நிக்கும் சார்" என்றான் சித்தார்த். சரி, ஊற்று என்றேன். மேலே பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மேல்பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஓரம் உட்பட, என்று நின்று வேலை வாங்கினேன்.

அக்டோபர் 5

ரோடு போட்டாயிற்று. வயலுக்கு நடுவே உலர்த்திய வேட்டி போல் கிடக்கிறது.

டீக்கடைக் கூட்டம் வந்து தடவிப் பார்த்தது. நெல் காயப்போட வசதியாக இருக்கும் என்கிறார்கள். இவர்களுக்குத் தாஜ்மகாலைக் காட்டினாலும் அதில் நெல் காயப்போட இடம் தேடுவார்கள்.

அக்டோபர் 21

முதல் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாய் அந்தப் பக்கம் ஜோராகக் கொட்டிக்கொண்டிருந்தது. தில்லையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "போவுது பார், நல்லா பார்" என்று கொளஞ்சி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அங்கே நாய் மட்டும் குரைத்தது.

நவம்பர் 23

புயல் சின்னமாம். கடலூரில் இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. இங்கேயே இருக்கிறேன். மழை நிற்கவில்லை.

நவம்பர் 25

ரோட்டுக்கு மேல் பக்கம் குளம். கீழ்ப் பக்கம் வாய்க்கால். நடுவில் என் ரோடு, கரை மாதிரி. கொளஞ்சியின் சம்பா நடவு நுனி மட்டும் தெரிகிறது. அவன் வீட்டுக் கொட்டகையிலும் தண்ணீர். மாட்டைப் பள்ளிக்கூடத்தில் கட்டியிருக்கிறார்களாம். இதையெல்லாம் நான் போய்ப் பார்க்கவில்லை. பால் வாங்கப் போனபோது கண்ணில் பட்டது.

சித்தார்த்துக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். கூலிங் கிளாஸோடு எங்கே உட்கார்ந்திருக்கிறானோ.

நவம்பர் 26

கொளஞ்சி இன்றைக்கு மார்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாயை அடைத்த ஆகாயத்தாமரையைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். இழுக்க இழுக்க வந்து அடைகிறது. நம் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நாடகம். ஊர் பார்க்கட்டும், அண்ணன் செய்த அநியாயத்தைப் பார்க்கட்டும் என்று நடிக்கிறான்.

இலக்கியா டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ரோட்ட வெட்டிடலாம்ப்பா."

"நிச்சயத்துக்கு இன்னும் எட்டு நாளுதான் இருக்கு."

"என் நிச்சயத்துக்கு சித்தப்பா பயிரு அழுகணுமா?"

பயிர் போனால் மறுபடி நடலாம், அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். டீக்கடைக் கூட்டத்தை நான் எப்படிப் பார்ப்பேனோ, அந்தப் பார்வை.

நவம்பர் 28

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். விருத்தாம்பாள் குரல். "மாமா! ஓடியாங்க மாமா! கால இழுத்துக்கிச்சு!"

ஓடினேன். கொளஞ்சி குழாய் வாய்க்கு நேரே தண்ணீருக்குள். கழுத்துக்கு மேலேதான் வெளியே தெரிந்தது. தாமரையை அகற்றியிருக்கிறான், திறந்த வேகத்தில் தண்ணீர் அவன் வலது காலைத் தொடை வரைக்கும் குழாய்க்குள் உறிஞ்சிவிட்டது. ரோட்டு ஓரத்தை இரண்டு கையாலும் பிடிக்கப் பார்க்கிறான். வழுக்குகிறது. கண்ணாடி மாதிரி வேண்டும் என்று நின்று வாங்கின ஓரம். பிடிக்க ஒரு சொரசொரப்பு இல்லை.

எப்போது குதித்தேன் தெரியாது. பின்னாலிருந்து அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். கீழே ஒரு ஆள் உட்கார்ந்து இழுக்கிற மாதிரி இழுக்குது. ஒரு அடிக் குழாய்க்கு இவ்வளவு பலமா? மழை வேற நிக்கல. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. அவன் மோவாய் வரைக்கும் வந்துடுச்சு.

"காலு மரத்துப் போச்சுண்ணா" என்றான்.

அண்ணா என்கிறான். எத்தனை வருஷம் ஆச்சு.

"பேசாதடா. மூச்ச புடி."

"உட்டுடாதண்ணா."

"உட மாட்டன்டா நாயே."

கொஞ்ச நேரம் கழித்து, பல் கிடுகிடுக்க, "உன் லுங்கி போயிடுச்சுண்ணா" என்றான். போயேவிட்டிருந்தது. நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. வாயில் பற்பசை வேறு.

விருத்தாம்பாளும் தில்லையும் மேலே மண்டி போட்டு ஆளுக்கொரு கையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இலக்கியாவைக் காணோம். அவள் செருப்புக்கூட இல்லாமல் தார் ரோட்டில் ஓடியிருக்கிறாள். ஏரிக்கரை உடைப்பை அடைக்க வந்த ஜேசிபி பள்ளிக்கூடத்தருகே நின்றிருந்ததாம். அதன் படியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். டிரைவர் பேர் சார்லஸ் என்று பிறகு தெரிந்தது. அவன் ரோட்டைப் பார்த்துத் தயங்கினான்.

"ஓனரு சொல்லணும்மா. புது ரோடு. நாளைக்கு எம்மேல கேஸு போடுவாங்க."

"நான்தான் ஓனரு! என் நிச்சயத்துக்குப் போட்ட ரோடு. வெட்டுங்க!"

அவன் என்னைத் தேடிப் பார்த்தான். ஓனரான நான் கழுத்தளவு தண்ணீரில் லுங்கி இல்லாமல் தம்பியைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"வெட்டுய்யா!" என்று கத்தினேன்.

குழாய்க்குக் கிட்டேயே வாளியை வைத்தான். கம்பியில் சிக்கிக் கிறீச்சிட்டது, ரோடு அசையவில்லை. என் நெஞ்சோடு ஒட்டியிருந்த கொளஞ்சி நெஞ்சு அதிர்ந்தது.

"அங்க இல்ல! இன்னும் பின்னாடி போ! தார் ரோட்டுப் பக்கம். அங்க கம்பியே போடல!"

எல்லாரும் கேட்கத்தான் கத்தினேன். ஊரே நின்றிருந்தது. கேட்டிருப்பார்கள்.

இரண்டே குத்து. அப்பளம் மாதிரி உடைந்தது. பிறகு மண். பிறகு அந்தச் சத்தம் — தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் பாய்கிற சத்தம். மோவாயிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மார்பு என்று இறங்கியது. திடீரென்று குழாய் அவனை விட்டது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். அவன் முழங்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

நாங்கள் இருந்தது வீட்டுப் பக்கம். ஆம்புலன்ஸ் வரக்கூடியது தார் ரோட்டுப் பக்கம். நடுவில் நான் வெட்டச் சொன்ன பள்ளம், அதில் ஆறு மாதிரி தண்ணீர். சார்லஸ் வாளியை நீட்டினான். அதில் கொளஞ்சியை உட்கார வைத்து, விருத்தாம்பாளையும் ஏற்றி, மெதுவாக அந்தப் பக்கம் தூக்கி இறக்கினான். மண் அள்ளுகிற வாளியில் என் தம்பி.

தில்லை முந்தானையை அவிழ்க்கப் போனாள். யாரோ ஒரு துண்டை என் மேல் போட்டார்கள். டீக்கடைக் கூட்டம்தான். யாரும் யோசனை சொல்லவில்லை.

நவம்பர் 29

சிதம்பரத்தில் ஆபரேஷன் முடிந்தது. கால் இருக்கும், மடங்குமா என்று பிறகுதான் தெரியும் என்கிறார்கள். வெட்டிவிட்ட தண்ணீர் நம் தோட்டத்து மோட்டார் கொட்டகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழ்ப் பக்கத்தில் இருந்ததால் எதிர்பார்த்ததுதான். அதன் மேல் ஒரு வருத்தமும் வரவில்லை. அதுவே ஆச்சரியம்.

கொளஞ்சி வயலில் மேட்டுப் பாதி தலை தூக்கியிருக்கிறது. பள்ளத்துப் பாதி அழுகல்.

டிசம்பர் 4

நிச்சயம் நடந்தது. தள்ளிப்போடலாம் என்றுதான் நான் சொன்னேன். "சித்தப்பாதான் நடத்தச் சொன்னாரு" என்றாள் இலக்கியா. இப்போதெல்லாம் அவளிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை.

பள்ளத்தின் மேல் தென்னை மரத்தை இரண்டாகப் போட்டு, நடக்கப் பலகை அடித்தோம். கார்கள் எல்லாம் தார் ரோட்டில். உத்திராபதி அதே மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகை மேல் வந்தார். அந்த உடைந்த ரோட்டைப் பற்றி அவர் நாசூக்காக என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். பதிலுக்கு இரண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"தம்பியப் பாத்துட்டுதான் வர்றோம். நேத்தே கொஞ்சம் சாப்ட்டாராம்" என்றார்.

வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. இந்த மனுஷரிடம் கேலி பண்ண ஏதாவது அகப்படுமா என்று தட்டு மாற்றுகிற நேரத்திலும் தேடினேன். அந்த வேட்டி மட்டும்தான் கிடைத்தது. அது போதவில்லை.

டிசம்பர் 15

கடலூர் ஆபீஸ். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். நாற்காலியில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"அங்க ஏற்கெனவே ஒரு ரோடு இருந்துச்சாமே?"

"இருந்துச்சு சார்."

"பர்மிஷன்?"

"இல்ல."

"இப்ப அது?"

"வெட்டிட்டன்."

"யார் சொல்லி?"

"என் பொண்ணு சொல்லி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அளந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மூன்றடிக் குழாய் குறைந்தது இரண்டு வேண்டியிருக்கும் என்றார். "தெரியும் சார்" என்றேன். தெரியுமாம். என்னைவிடப் பெரிய ஆள் எவன் இருக்கிறான்?

ஜனவரி 11

அனுமதி வந்து, வேலை ஆரம்பித்தாயிற்று. சித்தார்த் போன் செய்தான். "சார், ரிப்பேர் வேல எதனா இருக்கா?" என்றான். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. தில்லை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இந்தத் தடவை கடைக்குப் போகாமல் நானே நிற்கிறேன். கொளஞ்சி கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். குழாய்கள் இறங்கிய பிறகு,

"மட்டம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"எவன் பாத்தான்?"

"நான்தான்."

"அப்ப இன்னொரு தபா பாரு."

இவ்வளவு பேர் எதிரில்! கால் கட்டில்லாமல் இருந்திருந்தால்... பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றமாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. ஆளை விட்டுச் சரிசெய்ய வைத்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது.

ஜனவரி 19

குழாய் இரண்டிலும் தவளை ஏறிவிட்டது. குழாய்க்குள் ஆள் தவழ்ந்தே போகலாம், அவ்வளவு பெரிது. ஓரத்தைச் சொரசொரப்பாகவே விடச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி, "அசிங்கமா இருக்குமே சார்" என்றார். இருக்கட்டும்.

பிப்ரவரி 8

விருத்தாம்பாள் விடியலில் வந்தாள். "மாமா, அறுப்பு மெஷின் வந்துருக்கு. மெஷினோட அவுரால நடந்து சுத்திக்கிட்டுப் போவ முடியல. உங்க ரோட்டு மேல ஓட்டிக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு." இந்தக் குடும்பத்தில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவன்தான்.

மெஷினுக்கு முன்னால் நானே நடந்தேன். டிரைவர் பாலத்துக்கு முன் நின்று, தாங்குமா என்று கேட்டான். தாங்கும் என்றேன். தாங்கியது. மேட்டுப் பாதியில் மட்டும்தான் கதிர். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கொளஞ்சி கழியை ஊன்றி வரப்பிலேயே நின்றான். நான் பயிர் அழுகிய பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டேன். பிறகு பார்த்தேன். அவன் பக்கத்திலேயே நின்றுதான்.

"அடுத்த தபா இங்க உளுந்து போடலாம்" என்றான்.

"போடு" என்றேன்.

சாயந்திரம் பார்த்தால் ரோடு நெடுக மெஷினின் செயின் கடித்த தடம், அதில் அப்பின சேறும் வைக்கோலும். தில்லை ஹோஸ் பைப்பையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.